மாசியில் ஒட்டுங்கள், ஆடியில் அறுங்கள்: பெங்களூரில் கையால் கிட்டார் செய்யப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அல்சூரில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடிப் படிக்கட்டுக்கு அடியில் ஆறடிக்கு நாலடி இடம் ஒன்று சும்மா கிடந்தது. பழைய சைக்கிள்களை அப்புறப்படுத்தி, ஒரு மேசையும் விளக்கும் போட்டு அதைப் பட்டறையாக்கிக்கொண்டேன். வார நாட்களில் அலுவலகம், சனி ஞாயிறில் இழைப்புளி. இப்படி இதுவரை நான்கு கிட்டார்கள் செய்து முடித்திருக்கிறேன். ஐந்தாவதன் மேல்பலகை, அதாவது ஒலித்துளை உள்ள முன்பக்கப் பலகை, ஒட்டும் நாளுக்காகக் காத்திருக்கிறது.

அலமாரி, ஸ்டூல், புகைப்படச் சட்டம் என்று கொஞ்சம் மரவேலை பழகியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "என்ன மரம் வாங்கணும், என்ன மெஷின் வேணும்?" என்பதுதான். ஆரம்பத்தில் நானும் அதையே கேட்டுக்கொண்டு அலைந்தேன். இப்போது யாராவது கேட்டால், மேல்பலகையை எத்தனை மெல்லியதாக இழைக்கிறீர்கள், அதை எந்த மாதத்தில் ஒட்டுகிறீர்கள், இந்த இரண்டை முதலில் யோசியுங்கள் என்கிறேன். அரிய மரமும் விலையுயர்ந்த மெஷினும் இந்த இரண்டில் செய்த தப்பைக் காப்பாற்றாது.

முதல் கிட்டார் நைலான் தந்தியாக இருக்கட்டும்

ஸ்டீல் தந்தி போட்ட கிட்டாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 70 கிலோ. நைலான் தந்தியில் அது சுமார் 40 கிலோதான். முதல் தடவை செய்பவரின் ஒட்டு வேலையில் எங்காவது ஒரு குறை இருக்கும். 40 கிலோ அதைப் பொறுத்துக்கொள்ளும், 70 கிலோ பொறுக்காது. ஸ்டீல் கிட்டாரின் நெக்கில் (இடக்கை விரல்கள் ஓடும் கழுத்துப் பகுதி) டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைப் புதைக்க வேண்டும். நைலான் கிட்டாரின் நெக் அகலமாக, கட்டையாக இருப்பதால் அது வேண்டாம். தவிர, ஸ்பானிஷ் முறையில் நெக்கின் அடிக்கட்டையிலேயே காடி வெட்டிப் பக்கப் பலகைகளைச் செருகிவிடலாம். தனியாக நெக் மூட்டு செய்யும் தலைவலி இல்லை.

அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். நட்டிலிருந்து (தலைப்பக்கம் தந்திகள் அமரும் சின்னத் துண்டு) சேடில் (உடல் பக்கம் அவை அமரும் துண்டு) வரை 650 மி.மீ. உடலின் நீளம் சுமார் 485, கீழ்ப்புற அகலம் 365, இடுப்பு 235, மேல்புற அகலம் 280, ஆழம் 95 முதல் 100 வரை. ஒலித்துளையின் விட்டம் 85. நட்டின் இடத்தில் நெக் அகலம் 52, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பிதான் ஃப்ரெட்) 62. முழு அளவு வரைபடம் ஒன்றை வாங்கி அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அதில் பாதி உருவத்தை மட்டும் ஹார்டுபோர்டில் வெட்டிவைத்துக்கொண்டு, நடுக்கோட்டின் இரு பக்கமும் திருப்பிப்போட்டு வரைந்தால் இடமும் வலமும் ஒரே மாதிரி வரும்.

ஆயுதங்கள்

பட்டியல் சின்னதுதான். ஒரு பெரிய இழைப்புளி, உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன இழைப்புளி ஒன்று, 6, 12, 20 மி.மீ. உளிகள், மெல்லிய பல் கொண்ட ரம்பம், ஸ்க்ரேப்பர் தகடு, மூலைமட்டம், அரை மி.மீ. கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல், டயல் கேலிப்பர். கிளாம்ப் எத்தனை வாங்கினாலும் போதாது, பத்தில் ஆரம்பியுங்கள். எஸ்.ஜே.பி. ரோட்டில் ஒரு மத்தியான நேரம் நடந்தால் இவை எல்லாம் கிடைத்துவிடும். பக்கத்து எஸ்.பி. ரோட்டில் காற்றின் ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மானி ஒன்று வாங்குங்கள். மலிவான பொருள்தான், ஆனால் உங்கள் கிட்டாரைக் காப்பாற்றப்போவது அதுதான்.

ஃப்ரெட் காடி அறுக்க மட்டும் 0.6 மி.மீ. அகலத்தில் வெட்டும் தனி ரம்பம் வேண்டும். அதை ஆன்லைனில்தான் வாங்க வேண்டியிருக்கும்.

சாணை பிடிக்கக் கற்காமல் மரத்தில் கை வைக்காதீர்கள். முன்கை ரோமத்தை மழிக்கும் கூர்மை இழைப்புளிக்கு வந்தால்தான் மெல்லிய பலகை பிய்யாமல் வரும். நான் முதல் ஒரு மாதம் கல்லில் தீட்டுவதையும், பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் கிடைத்த பேக்கிங் பெட்டிப் பைன் பலகைகளை இழைப்பதையும் மட்டுமே செய்தேன். அந்தப் பலகைகளில் ஒரு முத்திரை இருக்கும். எச்.டி. என்றிருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, தாராளமாக எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மீதைல் புரோமைடு என்ற நச்சு வாயு காட்டியது, வேண்டாம்.

மரம்

ஸ்பெயினில் அந்தோனியோ தெ டோரஸ் என்று ஒருவர் இருந்தார், 1817 முதல் 1892 வரை. அடிப்படையில் தச்சர். இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின் உருவத்தையும் உள்கட்டுமானத்தையும் நிலைநிறுத்தியவர் அவர்தான். 1862இல் அவர் ஒரு காரியம் செய்தார். மேல்பலகையை நல்ல ஸ்ப்ரூஸ் மரத்தில் செய்து, முதுகையும் பக்கங்களையும் காகிதக்கூழில் செய்தார். ஒலியைத் தீர்மானிப்பது மேல்பலகைதான் என்று காட்டவே அப்படிச் செய்தார். அந்தக் கிட்டார் இன்றும் பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ஈட்டி மரத்தின் மேல் இருந்த ஆசை அடங்கியது. உலகம் முழுக்கக் கிட்டார் செய்பவர்கள் நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டியை விரும்புகிறார்கள், உண்மை. ஆனால் ஈட்டியின் பேரினம் முழுவதும் 2017 ஜனவரி முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019இல் முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்தார்கள், மரத்துக்குக் கொடுக்கவில்லை. உள்ளூரிலும் வனத்துறை விதிகள் உண்டு. ரசீது இல்லாத ஈட்டியை யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஃப்ரெட்போர்டுக்கும் (ஃப்ரெட்டுகள் பதியும் பலகை) பிரிட்ஜுக்கும் (உடலில் தந்திகளைக் கட்டும் கட்டை) தேவைப்படுவது ஒரு முழ நீளத் துண்டுதான். ஆம்பூரில் என் மாமனார் வீட்டுப் பரணில் உடைந்த ஈட்டிக் கட்டில் ஒன்று கிடந்தது. அதன் பக்கச் சட்டத்திலிருந்து மூன்று ஃப்ரெட்போர்டு எடுத்தேன். எழுபது, எண்பது வருடம் காய்ந்த மரம், காசு கொடுத்தாலும் கிடைக்காது. உங்கள் ஊர் வீட்டுப் பரணையும் ஒரு தடவை ஏறிப் பாருங்கள்.

முதுகுக்கும் பக்கத்துக்கும் நான் சொல்வது சில்வர் ஓக். குடகிலும் சிக்கமகளூரிலும் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்ப்பார்களே, மிளகுக்கொடி ஏறி நிற்குமே, அதே மரம். வளையங்கள் நேர்குத்தாக நிற்கும்படி அறுத்தால் பலகை முழுக்க மீன் செதில் போன்ற மினுமினுப்பு வரும். மகாகனியும் நல்லது, வளைப்பதற்கு எளிது. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் முகத்தை அசிட்டோன் தொட்டுத் துடைத்த கையோடு ஒட்ட வேண்டும். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் ஆகிவந்த பலா மரம் கிட்டார் முதுகுக்கு ஆகுமா என்று கேட்பார்கள். ஆகும். என் மூன்றாவது கிட்டாருக்குப் பலா முதுகுதான். செய்யும்போது மஞ்சளாக இருந்தது, இப்போது காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்துகொண்டிருக்கிறது.

நெக்குக்குச் சந்தன வேம்பு. கடைகளில் டூன் என்றும் சொல்வார்கள். ஸ்பெயின்காரர்கள் நெக்குக்கு எடுக்கும் செட்ரெலாவும் இதுவும் ஒரே குடும்பம். ஒரு காலத்தில் தாவரவியலாளர்கள் இதையே செட்ரெலா என்றுதான் எழுதிவந்தார்கள். எடை குறைவு, உளிக்கு இணங்கிவரும், நல்ல வாசனை. மரத்தை அடையாளம் காண்பதில் சந்தேகம் வந்தால் மல்லேஸ்வரத்தில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

மேல்பலகை மட்டும் வெளிநாட்டு ஸ்ப்ரூஸ் அல்லது சீடாராக இருக்கட்டும். இரண்டு துண்டுகளாக, புத்தகம் விரித்த மாதிரி ஜோடியாக விற்பார்கள். மொத்தச் செலவில் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது ஒன்றுதான்.

பேம்பூ பஜாரில் ஒரு மரக்கடைப் பெரியவரிடம் நான் கற்றதைச் சொல்கிறேன். பலகைகளைப் புரட்டி ரேகை அழகாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "தம்பி, பொண்ணு பாக்கற மாதிரி மூஞ்சிய மட்டும் பாக்காதீங்க. தூக்கித் தட்டிக் கேளுங்க" என்றார். ஒரு பலகையை எடுத்து, முனையிலிருந்து நீளத்தில் கால் பங்கு தள்ளி இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டார். நடுவில் விரல் முட்டியால் தட்டினார். வெண்கலப் பாத்திரத்தைத் தட்டியதுபோல் ஓர் ஓசை எழுந்து நின்று தேய்ந்தது. அடுத்த பலகை, பார்வைக்கு அதைவிட அழகானது. தட்டினால் அட்டைப்பெட்டி மாதிரி 'தொப்' என்றது. "இதுல கதவு பண்ணலாம்" என்று ஓரமாகச் சாய்த்துவைத்தார். அன்றிலிருந்து நான் எந்தப் பலகையையும் தட்டாமல் வாங்கியதில்லை.

வாங்கிவந்த மரத்தில் தேதி எழுதி, பலகைகளுக்கு நடுவே குச்சி வைத்துக் காற்றோட்டமாக அடுக்குங்கள். குறைந்தது ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அது உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

மாதக் கணக்கு

இந்தப் பகுதியைத் தயவுசெய்து அவசரமாகக் கடக்காதீர்கள். என் முதல் கிட்டார் இதனால்தான் போனது.

மரம் நாரின் குறுக்கே மட்டும்தான் பெருமளவு வீங்கிச் சுருங்கும். 365 மி.மீ. அகலமுள்ள ஸ்ப்ரூஸ் பலகை, மழைக்கால ஈரத்திலிருந்து கோடை வறட்சிக்கு வரும்போது இரண்டு, மூன்று மி.மீ. வரை சுருங்கும். தனிப் பலகையாக இருந்தால் அது பாட்டுக்குச் சுருங்கிக்கொள்ளும். ஆனால் அதன் அடியில் குறுக்குக் கட்டைகளை ஒட்டிவிட்டால் சுருங்க வழி ஏது? நாருக்கு நீளவாட்டில் அந்தக் கட்டை துளியும் சுருங்காது. இரண்டுக்கும் இழுபறி நடந்து மேல்பலகை பிளந்துவிடும். நான் முதல் மேல்பலகையை ஒட்டியது ஜூலையில், மூன்று நாள் விடாத தூறலில். அடுத்த மார்ச்சில் ஒரு மத்தியானம் அலமாரிக்குள்ளிருந்து விரல் சொடுக்கியது போல் ஒரு சத்தம் கேட்டது. திறந்து பார்த்தால், பிரிட்ஜுக்குக் கீழே நடு ஒட்டை ஒட்டி ஒரு மயிரிழைக் கீறல். அது உடலின் அடிமுனை வரைக்கும் போயிருந்தது. ஏழு மாத வேலை.

காய்ந்த பருவத்தில் ஒட்டிய பலகை மழையில் கொஞ்சம் வீங்கி மேலே எழும்பும், அவ்வளவுதான். அதைத் தாங்கிக்கொள்ளும். சுருக்கத்தைத்தான் தாங்காது. அதனால் காற்றின் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும்போது மட்டும் குறுக்குக் கட்டைகளை ஒட்டுங்கள். பெங்களூரில் மாசி, பங்குனி மத்தியானங்கள் அதற்குத் தோது. சில நாள் 30க்குக் கீழேயும் இறங்கும். அப்போது அறையில் ஈரத்துண்டு ஒன்றைத் தொங்கவிட்டு மானியைப் பார்த்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

என் வருடக் கணக்கு இப்படி ஓடுகிறது. ஆடியிலிருந்து ஐப்பசி வரை அறுப்பது, அச்சுப் பலகை (வளைத்த பக்கங்களைப் பிடித்து வைக்கும் உடல் வடிவச் சட்டம்) செய்வது, நெக்கைச் செதுக்குவது, பக்கங்களை வளைப்பது. மார்கழி, தையில் மேல்பலகையை இழைப்பது. மாசியில் குறுக்குக் கட்டைகள், உடலை மூடுவது. பங்குனியில் ஃப்ரெட். சித்திரையில் கோடை மழை வலுப்பதற்குள் பாலிஷ். அவசரம் உள்ளவர்கள் பழைய பீரோ ஒன்றுக்குள் 40 வாட் குண்டு பல்பை எரியவிட்டு, மானியையும் உள்ளே வைத்து, மரத்தை அதில் உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். அதுவும் வேலை செய்யும். ஒட்டிய பிறகும் பசை காயும்வரை உள்ளேயே இருக்க வேண்டும்.

மேல்பலகை

முதலில் இரு பாதிகளை நடுவில் ஒட்ட வேண்டும். இரண்டு விளிம்பையும் சேர்த்துப் பிடித்து ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். இடுக்கில் எங்காவது வெளிச்சம் கசிந்தால் இன்னும் ஒரு சீவல் இழையுங்கள். எங்கும் வெளிச்சம் வராதபோது ஒட்டுங்கள். கிளாம்பை இறுக்கி இடைவெளியை மூடிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பின்னால் அது திறக்கும்.

பசை பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அலமாரி வேலைக்கு எடுக்கும் வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் சற்று ரப்பர் போல் இருக்கும். தொடர்ந்து இழுபட்டால் மெல்ல நழுவும். கிட்டாரில் தந்திகள் இருபத்துநாலு மணி நேரமும் இழுக்கின்றன. டைட்பாண்ட் ஒரிஜினல் போன்ற மஞ்சள் பசை எடுங்கள். நம் பழைய தச்சர்கள் காய்ச்சிய வஜ்ஜிரம் என்ற விலங்குத்தோல் பசை இன்னும் நல்லது. நல்ல தரமான வஜ்ஜிரத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரி செல்சியஸ் அளவில் உருக்க வேண்டும். கொதிக்கவிட்டால் வலு போய்விடும். கண்ணாடி போல் இறுகும், பின்னாளில் பழுது பார்க்கும்போது சூடு காட்டினால் விட்டுக்கொடுக்கும்.

ஒலித்துளையைச் சுற்றி வரும் ரோசெட் வளையத்தை, பலகை இன்னும் தடிமனாக இருக்கும்போதே பதித்துவிடுங்கள். முதல் கிட்டாருக்கு ஒரே மரத்தில் ஒற்றை வளையம் போதும்.

அப்புறம் இழைப்பு. 4 மி.மீ. இருந்து ஆரம்பித்து 3 வரை வேகமாகப் போகலாம். 3க்குக் கீழே ஒவ்வொரு சீவலுக்கும் நிறுத்துங்கள். கேலிப்பரால் ஏழெட்டு இடத்தில் அளந்து பென்சிலால் பலகை மேலேயே எழுதுங்கள். இரண்டு கையாலும் ஓரங்களைப் பிடித்துக் கட்டைவிரல்களால் அழுத்தி வளைத்துப் பாருங்கள். 3 மி.மீ.யில் அது பலகையாகத்தான் இருக்கும், கை கொடுக்காது. 2.7 வரும்போது குறுக்கே லேசாக இணங்கும். 2.5இல் தட்டினால் ஓசை திடீரென்று தணிந்து அகலமாகும், விரல் நுனியில் அதிர்வு தெரியும். விளக்குக்கு முன்னால் பிடித்தால் பலகை முழுக்கத் தேன் நிறத்தில் ஒளிரும். அங்கே நிறுத்துங்கள். ஸ்ப்ரூஸுக்கு நடுவில் 2.5, ஓரங்களில் 2.2 என்பது முதல் கிட்டாருக்குப் பத்திரமான அளவு. சீடார் என்றால் ஒரு 0.2 கூட்டி வையுங்கள்.

அடியில் விசிறி போல் ஏழு குச்சிகள். ஒவ்வொன்றும் 6 மி.மீ. அகலம், 4 மி.மீ. உயரம். ஒலித்துளைக்கு மேலும் கீழும் இரண்டு உயரமான குறுக்குக் கட்டைகள். இந்தக் குச்சிகளை ரம்பத்தால் அறுக்காதீர்கள், உளி வைத்துப் பிளந்து எடுங்கள். பிளவு நாரோடுதான் ஓடும். நார் முழு நீளத்துக்கும் ஓடும் குச்சிதான் மெலிதாகச் செதுக்கினாலும் உடையாது.

இத்தனை குச்சிகளையும் ஒரே நேரத்தில் எப்படி அழுத்துவது? இதற்கு அழகான வழி ஒன்று இருக்கிறது. இரண்டு கெட்டியான பிளைவுட் பலகைகளை இரண்டடி இடைவெளியில் ஒன்றின் மேல் ஒன்றாகத் தூண் வைத்து நிறுத்துங்கள். கீழ்ப் பலகையில் கிட்டாரின் மேல்பலகையை வைத்து, மேலே குச்சிகளை ஒட்டி, இரண்டடிக்குச் சற்றே கூடுதலான மூங்கில் பத்தைகளை வில்லாக வளைத்து நடுவில் செருகுங்கள். மூங்கில் நிமிர முயலும் விசையே கிளாம்ப். பேம்பூ பஜாரில் ஏணி செய்பவர்களிடம் கேட்டால் பத்தைகளைச் சீவியே கொடுத்துவிடுவார்கள். நான் நாற்பது வாங்கினேன், நாலு கிட்டாருக்கும் அவைதான்.

பசை காய்ந்ததும் குச்சிகளின் முனைகளை உளியால் சரித்து 1.5 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். செதுக்கச் செதுக்கத் தட்டிக் கேளுங்கள்.

பக்கங்களை வளைப்பது

புதியவர்கள் பயப்படுவது இதற்குத்தான், உண்மையில் பயம் தேவையில்லை. 2 மி.மீ.க்கு இழைத்த பலகை, மூன்று அங்குல அலுமினியக் குழாய், குழாய்க்குள் வீசும் ஹீட் கன். குழாயைக் கெட்டியாக மேசையில் பூட்டுங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் வேண்டாம், சூட்டில் அதன் புகை நல்லதல்ல.

தோசைக்கல்லில் பார்ப்பதுபோல் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சொய்யென்று கொதித்து உடனே வற்றினால் பதம். முத்து முத்தாக உருண்டு ஓடினால் சூடு அதிகம், மரம் கருகும். பலகையைத் தண்ணீரில் நனைத்துக் குழாயின் மேல் வைத்து மெல்ல அசைத்தபடி லேசாக அழுத்துங்கள். முதல் ஒரு நிமிடம் ஒன்றும் நடக்காது. பலம் போடத் தோன்றும், போடாதீர்கள். திடீரென்று கைக்குக் கீழே மரம் தளர்வது தெரியும், சூடான மெழுகு மாதிரி. அந்தக் கணத்தில் மட்டும் வளையுங்கள். முதலில் இடுப்பு, பிறகு இரு புறமும். இரண்டு பக்கத்துக்கும் மூன்று பலகை தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உடையத்தான் செய்யும். வளைத்ததை உடனே அச்சுக்குள் வைத்து இறுக்கிவிட்டு, ஒரு வாரம் தொடாதீர்கள்.

நெக், உடல்

நெக் கட்டையின் தலைப்பகுதி 15 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். ஒரே கட்டையில் செதுக்கினால் கழுத்தில் நார் வெட்டுப்பட்டு உடையும். அதனால் கட்டையை 15 டிகிரியில் சரிவாக அறுத்து, அறுத்த துண்டைத் திருப்பி ஒட்டுங்கள். அடிப்புறத்தில் மூன்று நாலு துண்டுகளை அடுக்கி ஒட்டி உயர்த்தி, பக்கப் பலகைகள் நுழையக் காடி அறுங்கள்.

இனி எல்லாவற்றையும் ஒரு தட்டையான வேலைப்பலகை மேல் கவிழ்த்து வைத்துச் சேர்ப்பது. கீழே மேல்பலகை, அதோடு நெக், காடியில் செருகிய பக்கங்கள். நட்டின் இடத்தில் நெக் சுமார் 2 மி.மீ. தந்திப் பக்கமாகச் சாய்ந்திருக்கும்படி பலகையில் ஏற்பாடு செய்யுங்கள்; தந்தி உயரம் சரியாக அமைவது இதனால்தான். பக்கமும் மேல்பலகையும் சேரும் மூலையில் சின்னச் சின்ன முக்கோணக் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பசை தொட்டு விரலால் அழுத்தி ஒட்ட வேண்டும். நூற்றுக்கு மேல் வரும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த மாலைகள் அவை. பூத்தொடுப்பது போல் கை தானாக ஓடும்.

முதுகுப் பலகை 2.5 மி.மீ., மூன்று குறுக்குக் கட்டைகள், கொஞ்சம் வெளிப்பக்க வளைவு. மூடுவதற்கு முன் உள்ளே ஒரு தரம் விளக்கடித்து, பசைச் சொட்டுகளைச் சுரண்டி, உங்கள் பெயரையும் தேதியையும் அன்றைய ஈரப்பதத்தையும் பென்சிலால் எழுதுங்கள். ஓரங்களில் பைண்டிங் என்ற மெல்லிய பட்டி பதிப்பது அழகுக்கும் பாதுகாப்புக்கும். காடி வெட்டும் ரூட்டரை முதல் தடவை அனுபவசாலி ஒருவரின் கண் முன்னால் இயக்குங்கள்.

ஈட்டி, சீடார் இரண்டின் தூளும் சிலருக்கு மூச்சுக்கும் தோலுக்கும் ஒத்துக்கொள்ளாது. உப்புத்தாள் போடும்போது என்95 முகக்கவசம் இல்லாமல் உட்காராதீர்கள்.

ஃப்ரெட்

வீணையில் மெட்டுகள் மெழுகில் உட்கார்ந்திருக்கின்றன. சுதி விலகினால் மெழுகை இளக்கி நகர்த்தி மறுபடி அமைத்துக்கொள்ளலாம். கிட்டாரில் அந்த வசதி கிடையாது. ரம்பம் இறங்கிய இடம்தான் ஸ்வரத்தின் இடம்.

கணக்கு எளிது. நட்டிலிருந்து சேடில் வரை உள்ள நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட்டின் தூரம். மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. 650 மி.மீ.க்கு முதல் ஃப்ரெட் 36.48, இரண்டாவது 70.92, மூன்றாவது 103.42, ஐந்தாவது 163.05, ஏழாவது 216.18. பன்னிரண்டாவது சரியாகப் பாதியில், 325இல் வந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கணக்கில் பிழை. எல்லாத் தூரத்தையும் நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள். ஒன்றிலிருந்து ஒன்றாக அளந்துகொண்டு போனால் கால் கால் மி.மீ.யாகப் பிழை சேர்ந்து, பத்தொன்பதாவது ஃப்ரெட்டில் காது கூசும். பென்சில் கோடு ரொம்பத் தடிமன்; கத்தி நுனியால் கீறுங்கள். ரம்பம் அந்தக் கீறலில் தானாக உட்காரும்.

ஃப்ரெட்போர்டு 6 மி.மீ. தடிமன், தட்டையாக. ஃப்ரெட் கம்பியை நிக்கல் சில்வர் என்பார்கள், அதில் வெள்ளி துளியும் இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். கம்பியைக் காடியில் வைத்து முதலில் இரு முனை, அப்புறம் நடு என்று பிளாஸ்டிக் சுத்தியால் அடியுங்கள். முனைகளை அரத்தால் சரித்து, உள்ளங்கையை நெக் நெடுக ஓட்டிப் பாருங்கள். எங்கும் உறுத்தக் கூடாது.

பிரிட்ஜ், பாலிஷ்

தந்தியை ஃப்ரெட்டில் அழுத்தும்போது அது கொஞ்சம் நீண்டு சுதி ஏறும். அதை ஈடுகட்ட, சேடில் 650இல் நிற்காமல் 652இல் நிற்க வேண்டும். பிரிட்ஜின் அடிப்பகுதியை மேல்பலகையின் லேசான வளைவுக்கு ஏற்ப உப்புத்தாளில் தேய்த்துப் பொருத்துங்கள். பாலிஷ் மேல் ஒட்டாதீர்கள், வெறும் மரத்தோடு மரம் ஒட்ட வேண்டும்.

பாலிஷுக்கு அரக்கு. மைசூர் ரோட்டில் சுமார் 60 கிலோமீட்டர் போனால் சன்னபட்டணம். அங்கே கடைசல் பொம்மைகளுக்குப் பளபளப்புக் கொடுப்பது அரக்குதான். மெழுகு நீக்கிய ஷெல்லாக் செதில்கள் வாங்கி, லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 250 கிராம் வீதம் ஒரு இரவு ஊறவிட்டு வடிகட்டுங்கள். பருத்தித் துணிக்குள் கம்பளித் துணுக்கை வைத்துப் பொட்டலமாகக் கட்டி, அதில் சில துளி விட்டு, வட்ட வட்டமாகப் பூசுங்கள். ஒரு நாளைக்கு மெல்லிய ஏழெட்டுப் பூச்சு, அப்புறம் ஓய்வு. இப்படி இரண்டு வாரம். மழை நாளில் பூசினால் வெள்ளையாகப் பூத்துப்போகும், பூசாதீர்கள்.

தந்தி

எலும்பில் நட்டும் சேடிலும் செய்துவைத்து, தந்திகளை ஏற்றுங்கள். முதல் நாள் இரண்டு ஸ்வரம் தாழ்த்திச் சுதி சேர்த்து ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் முழுச் சுதி. நைலான் ஒரு வாரத்துக்கு நீண்டுகொண்டே இருக்கும், சுதி இறங்கும். கிட்டாரில் கோளாறு என்று பதறாதீர்கள்.

ஒரு வாரம் கழித்துப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் தந்தி உயரத்தை அளங்கள். மெல்லிய தந்திக்கு 3 மி.மீ., தடித்த தந்திக்கு 4 மி.மீ. அதிகமாக இருந்தால் சேடிலின் அடியைத் தேயுங்கள். சேடிலில் 1 மி.மீ. குறைத்தால் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அரை மி.மீ.தான் குறையும். முதல் மழைக்காலத்தில் மேல்பலகை வீங்கி உயரம் சற்றுக் கூடும், அப்போது இன்னும் தேய்க்கத் தோன்றும். கோடையில் அது திரும்பி இறங்கிவிடும், அதனால் சேடிலில் கை வைக்காதீர்கள். உயரம் சற்றுக் குறைவாக இன்னொரு சேடில் செய்து, கிட்டார் உறைக்குள் போட்டு வையுங்கள். ஆடியில் அதை மாட்டி, மாசியில் பழையதை மாட்டிக்கொள்ளலாம்.